சஸ்பென்ஷன் ஃபோர்க் போட்ட பிறகு ஹேண்டில் ஒரு பக்கமாக மடிகிறதே, ஏன்?

கேள்வி: என் ஹைபிரிட் சைக்கிளில் இருந்த சாதா ஃபோர்க்கைக் கழற்றிவிட்டு, 63 மி.மீ. டிராவல் (அமுங்கும் தூரம்) உள்ள சஸ்பென்ஷன் ஃபோர்க் போட்டேன். மெதுவாகப் போகும்போது ஹேண்டில் பக்கவாட்டில் மடிகிறது. மேடு ஏறும்போது முன்சக்கரம் அலைபாய்கிறது. வேகமாகப் போனால் பிரச்சினையே இல்லை. பேரிங் கோளாறா?

பதில்: முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நேர் நிலையில் 'டக்'கென்று பிடித்தால் பேரிங்தான். வழுக்கிக்கொண்டு திரும்பினால், கோளாறு ஃபோர்க்கின் நீளத்தில் இருக்கிறது.

பழைய ஃபோர்க், ஆக்சிலிலிருந்து கிரவுன் (ஃபோர்க்கின் இரு கால்களும் மேலே சேரும் இடம்) வரை 400 மி.மீ., புதியது 440 என்று வையுங்கள். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் 12 மி.மீ. அமுங்கும். மீதி 28 மி.மீ. முன்பக்கத்தைத் தூக்கிவிடுகிறது. இரு ஆக்சில்களுக்கும் நடுவே 1050 மி.மீ. இருந்தால், மொத்த ஃப்ரேமும் சுமார் 1.5 டிகிரி பின்னால் சாயும். ஃபோர்க்கின் தண்டு நுழையும் ஃப்ரேமின் முன்குழாய்தான் ஹெட் டியூப்; தரைக்கு 71 டிகிரியாக இருந்த அதன் சாய்வு 69.5 ஆகிவிடும்.

ஹெட் டியூபின் நடுக்கோட்டைத் தரைவரை நீட்டினால் அது டயர் தரையைத் தொடும் புள்ளிக்கு முன்னால் விழும். இந்த இடைவெளிதான் டிரெயில். சக்கர ஆரம் 350, ஃபோர்க் ஆஃப்செட் (அந்த நடுக்கோட்டிலிருந்து ஆக்சில் முன்தள்ளி நிற்கும் தூரம்) 45 என்றால், உங்கள் சைக்கிளில் இது 73 மி.மீ.யிலிருந்து 83 ஆகிறது. வேகத்தில் சக்கரத்தை நேராக இழுத்து வைப்பது டிரெயில்தான். அதனால்தான் அங்கே குறை தெரியவில்லை. ஆனால் டிரெயில் கூடி, ஹெட் டியூபும் சாய்ந்தால், ஹேண்டிலைத் திருப்பும்போது சைக்கிளின் முன்பக்கம் முன்பைவிட அதிகமாகக் கீழே இறங்கும். உங்கள் எடையே ஹேண்டிலை மேலும் மடக்கும். மெதுவாகப் போகையில் இதைத் தடுக்க வேறு விசை இல்லை.

மேட்டில் அலைபாய்வதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. சீட்டும் அதே 1.5 டிகிரி பின்னால் போய்விட்டதால், முன்சக்கரத்தின் மேல் பாரம் குறைந்துவிட்டது. சீட்டை ரெயிலில் உள்ள எல்லைக் குறியைத் தாண்டாமல் 15 முதல் 18 மி.மீ. முன்னால் தள்ளுங்கள், நிமிர்ந்திருக்கும் மூக்கைச் சமமாக்குங்கள். ஸ்டெம்முக்கு (ஹேண்டிலை ஃபோர்க்குடன் இணைக்கும் துண்டு) கீழே உள்ள ஸ்பேசர் வளையங்களை மேலே மாற்றி ஹேண்டிலைத் தாழ்த்துங்கள். அலைச்சல் பெருமளவு அடங்கும். மடிவது மட்டும் போகாது.

குட்டை ஸ்டெம் போட்டால் சரியாகும் என்பார்கள். அதனால் கைக்குத் தெரியும் உணர்வு மாறும், டிரெயில் ஒரு மில்லிமீட்டர்கூட மாறாது. ஆஃப்செட் கூடினால் சைக்கிள் நிதானமாகும் என்பதும் தலைகீழான நம்பிக்கை. ஆஃப்செட் கூடக்கூட டிரெயில் குறையும், திருப்புவது லேசாகும். இதே நீளத்தில் 55 மி.மீ. ஆஃப்செட் உள்ள ஃபோர்க் கிடைத்தால் டிரெயில் 72-க்கு வந்துவிடும். கிடைப்பது அரிது. நீளம் குறைந்த ஃபோர்க்குக்குத் திரும்புவதே சரியான தீர்வு. புதியதன் அமுங்கிய நீளம் பழையதைவிட 10 மி.மீ.க்கு மேல் கூடக்கூடாது.

அதுவரை ஓட்டுவதாக இருந்தால், ஹெட் டியூபும், அதிலிருந்து பெடல் பக்கம் சரிந்து இறங்கும் டவுன் டியூபும் சேரும் வெல்டிங்கின் அடிப்பக்கத்தை அடிக்கடி துடைத்துப் பாருங்கள். நீண்ட ஃபோர்க் நெம்புவது அந்த இடத்தைத்தான். பெயின்ட்டில் மயிரிழைக் கோடு தெரிந்தால் சைக்கிளில் ஏறாதீர்கள்.