படிப்பகத்தின் பணம் உங்கள் கணக்கில் இருக்கும்வரை உயில் அப்புறம்தான்

கேள்வி: எனக்கு வயது 39. கோவையில் தனியார் நிறுவன வேலை. மனைவி ஆசிரியை. 11, 7 வயதில் இரண்டு பிள்ளைகள். அப்பா, அம்மா பொள்ளாச்சிப் பக்கம் சொந்த ஊரில் இருக்கிறார்கள். என் பெயரில் ஒரு வீடு (இன்னும் 28 லட்சம் கடன் பாக்கி), பி.எஃப்., மியூச்சுவல் ஃபண்டில் 9 லட்சம், கல்யாணத்துக்கு முன்பே அம்மாவை நாமினியாகப் போட்டு எடுத்த 1 கோடி டேர்ம் பாலிசி. ஊரில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு மாலைநேரப் படிப்பகம் நடத்துகிறேன். நன்கொடையாக வந்ததில் 3 லட்சத்து 40 ஆயிரம் என் சேமிப்புக் கணக்கில் இருக்கிறது. கட்டடத்துக்காக வாங்கிய 4 சென்ட் இடமும் என் பெயரில்தான். நான் இப்போதே உயில் எழுதலாமா? "இந்த வயசுல எதுக்கு இந்தப் பேச்சு, வாயில நல்ல வார்த்தையே வராதா" என்கிறாள் மனைவி. என் சொத்தில் ஒரு பங்கைப் படிப்பகத்துக்கு எழுதவும் ஆசை. நாங்கள் இந்துக்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: எழுதலாம். 18 வயது முடிந்த, தெளிந்த மனநிலை உள்ள யாரும் எழுதலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உட்கார வைத்தது உயில் பற்றிய கேள்வி அல்ல. போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன அந்த 3 லட்சத்து 40 ஆயிரமும் 4 சென்ட்டும்தான். நாளைக்கே உங்களுக்கு ஒன்று ஆனால், உங்கள் வீட்டைவிட முதலில் சிக்கலில் மாட்டுவது படிப்பகம்.

தொழிலில் நான் வழக்கறிஞர். சொத்து, வாரிசுரிமை, நிதித் திட்டமிடல் என்று கட்டணம் வாங்கிக்கொண்டு பார்க்கிற வேலை ஒரு பக்கம்; இலவச சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழு நடத்தும் முகாம்களில் தன்னார்வலராக உட்காருவது இன்னொரு பக்கம். இரண்டாவது இடத்தில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன் என்பேன். அலுவலகத்துக்கு வருகிறவர்கள் எதையாவது முன்கூட்டியே யோசித்து வருகிறார்கள். முகாமுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் முடிந்தபின் மிஞ்சிய காகிதங்கள்தான் இருக்கும்.

அப்படி ஒரு முறை மேசைக்கு எதிரே இரண்டு தரப்பு. ஒரு பக்கம் கணவனை இழந்த பெண். மறுபக்கம் அவர் கணவர் பொருளாளராக இருந்த ஊர் விழாக் குழுவினர். கணவரின் கணக்கில் இருக்கும் பணம் எங்களுடையது என்கிறார்கள் குழுவினர். இல்லை, அவர் சம்பாதித்தது என்கிறார் அந்தப் பெண். பாஸ்புக்கைப் புரட்டினேன். மாதச் சம்பளம், அடுத்த வரியில் யாரோ அனுப்பிய 500 ரூபாய், அதற்கடுத்து கேஸ் சிலிண்டருக்குப் போன பணம், மறுபடி ஒரு 1,000. குழுவின் வரவு செலவு எழுதிய நீள நோட்டு அவர் இறப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே நின்றுபோயிருந்தது. இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை என்பதுதான் அதில் கொடுமை. எது யாருடைய பணம் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் உயிரோடு இல்லை.

உங்கள் நிலைமையும் அதேதான். பத்திரம் உங்கள் பெயரில் இருப்பதால், உயில் இல்லாமல் நீங்கள் போய்விட்டால் அந்த 4 சென்ட் இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-ன்படி உங்கள் முதல் வகுப்பு வாரிசுகளுக்குப் போகும். மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. உங்கள் மனைவி மனமுவந்து "இது படிப்பகத்து இடம், எழுதிக் கொடுத்துவிடுகிறேன்" என்றாலும் அவரால் தன் பங்கை மட்டும்தான் எழுத முடியும். மைனர் பிள்ளைகளின் பங்கைக் கைமாற்ற நீதிமன்ற அனுமதி வேண்டும், அதுவும் பிள்ளைகளின் நன்மைக்கு என்று காட்டினால்தான் கிடைக்கும். பிள்ளைகளின் சொத்தை இலவசமாக விட்டுக்கொடுப்பது அவர்களுக்கு எப்படி நன்மை என்று நீதிபதி கேட்பார். கேட்க வேண்டியதும்தான்.

வருமான வரி வேறு இருக்கிறது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் மொத்தமாக 50,000 ரூபாய்க்கு மேல் இனாமாகப் பெற்றால் அந்தத் தொகை முழுவதும் உங்கள் வருமானமாகக் கருதப்படும். 'அது நன்கொடை, நான் வெறும் காப்பாளர்' என்று நீங்கள் சொல்லலாம். அதை நிரூபிக்கும் காகிதம் எங்கே?

ஆகவே முதல் வேலை, படிப்பகத்துக்கு ஒரு சட்ட உருவம் கொடுப்பது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்கீழ் ஏழு பேர் சேர்ந்தால் சங்கமாகப் பதியலாம். அல்லது அறக்கட்டளைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். உங்கள் அளவுக்கு எது நல்லது என்றால், நான் சங்கத்தின் பக்கம்தான் சாய்வேன். ஆண்டுதோறும் கூட்டம், தணிக்கை, கணக்குத் தாக்கல் என்று தொல்லை அதிகம் என்பது உண்மை. அந்தத் தொல்லைதான் ஒரே ஆளின் தலையில் எல்லாம் விழாமல் தடுக்கிறது. பிறகு சங்கத்தின் பெயரில் பான் எண், இருவர் கையெழுத்தோடு வங்கிக் கணக்கு. பணத்தைக் காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ மட்டும் மாற்றுங்கள். இடத்தைச் சங்கத்தின் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் (பணம் வாங்காமல் எழுதிக் கொடுக்கும் பத்திரம்) செய்து கொடுங்கள். குடும்பத்தாருக்குள் எழுதும்போது கிடைக்கிற முத்திரைத் தீர்வைச் சலுகை இதற்குக் கிடைக்காது, அந்தச் செலவைக் குழுவாகப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

இதெல்லாம் முடிய மாதங்கள் ஆகலாம். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். இந்த வாரமே படிப்பகத்துப் பணத்துக்கென்று தனியாக ஒரு கணக்கு திறந்து, சம்பளக் கணக்கிலிருந்து பிரித்துவிடுங்கள். இந்தப் பணமும் இடமும் யாருக்காக உங்கள் பெயரில் இருக்கின்றன என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதி, நோட்டரி முன் கையெழுத்திட்டு, குழுவில் இருவரிடம் நகல் கொடுங்கள்.

இரண்டாவது வேலை, நாமினிகள். உயிலைவிட இதில்தான் உங்கள் வீட்டுக்கு ஆபத்து அதிகம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 28 லட்சம் கடனோடு வீடு நான்கு பேருக்குப் பங்காகிறது. அந்தக் கடனை அடைக்க வேண்டிய 1 கோடி உங்கள் அம்மாவின் கைக்குப் போகிறது. பெற்றோர், மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பாலிசிப் பணம் அவர்களுக்கே உரியது என்று காப்பீட்டுச் சட்டத்தில் 2015-ல் திருத்தம் வந்தது. அது மற்ற வாரிசுகளின் உரிமையை அடியோடு நீக்குமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. மாமியாரும் மருமகளும் அதற்கு விடை தேடி நீதிமன்றப் படி ஏற வேண்டுமா? மனைவிக்கு 80, அம்மாவுக்கு 20 என்று சதவீதம் போட்டு மாற்றிவிடுங்கள். அரை மணி நேர வேலை. பி.எஃப்.-ல் கல்யாணத்துக்கு முன் கொடுத்த நாமினேஷன் கல்யாணத்தோடு செல்லாததாகிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. அதையும் இணையத்தில் புதிதாகப் பதியுங்கள். வங்கிக் கணக்கில் 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நாமினி போடலாம்.

மியூச்சுவல் ஃபண்ட், பங்கு, வங்கி வைப்பு இவற்றிலெல்லாம் நாமினி என்பவர் பணத்தைப் பெற்று உரியவர்களிடம் கொடுக்க வேண்டியவர் மட்டுமே. பங்குகள் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. உரியவர் யார் என்று தீர்மானிப்பது உயில்; உயில் இல்லையென்றால் வாரிசுரிமைச் சட்டம். அந்தச் சட்டத்தில் உங்கள் அப்பாவுக்கு இடமே இல்லை, கவனித்தீர்களா? அம்மா முதல் வகுப்பு, அப்பா இரண்டாம் வகுப்பு. முதல் வகுப்பில் ஒருவர் இருந்தாலும் அப்பாவுக்கு ஒரு பைசா கிடையாது. முகாமில் இதைச் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒரு பெரியவர் "அதெப்படிங்க" என்று எழுந்துவிடுவார்.

இனி உயில். வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதலாம். முத்திரைத் தாள் வேண்டாம். நீங்கள் கையெழுத்திட, இரண்டு சாட்சிகள் அதைப் பார்த்து அவர்களும் கையெழுத்திட வேண்டும். சொத்து பெறுகிறவர் சாட்சியாக வேண்டாம். உங்களைவிட வயதில் இளையவர்களாக, தேடினால் கிடைக்கிறவர்களாகப் பாருங்கள். பதிவு கட்டாயம் இல்லை, ஆனாலும் செய்யுங்கள் என்பேன். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதே செல்லும். 39 வயதில் எழுதுவதில் ஒரு சௌகரியம் உண்டு. 79 வயதில் எழுதினால் "அப்பாவுக்கு நினைவே இல்லை, கையைப் பிடித்துப் போடவைத்தார்கள்" என்று வழக்கு வரும். உங்கள் விஷயத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

உயிலை நிறைவேற்றுபவராக மனைவியையே போடுங்கள், அவருக்கு மாற்றாக இன்னொருவரையும் எழுதுங்கள். இருவரும் சேர்ந்து ஒரு விபத்தில் போனால் பிள்ளைகளுக்குக் காப்பாளர் யார் என்பதையும் எழுதுங்கள். யாரை எழுதுகிறீர்களோ அவரிடம் முதலில் கேட்டுவிட்டு. ஊரிலுள்ள பூர்வீக நிலத்தை இதில் இழுக்க வேண்டாம். அதில் உங்களுக்கு அக்கா, தங்கை இருந்தால் அவர்கள் உரிமையும் சமம், அது தனிக் கணக்கு.

படிப்பகத்துக்குப் பங்கு எழுதும் ஆசையைப் பற்றி என் கருத்து உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். சதவீதம் வேண்டாம். கடனுள்ள வீட்டில் படிப்பகத்துக்கு 10 சதவீதம் என்று எழுதினால், உங்கள் மனைவி அந்த வீட்டை விற்பதற்குக்கூடச் சங்கத்தின் கையெழுத்து வேண்டும். சின்னப் பிள்ளை படிப்பை முடிக்கும்வரை ஒரு நிலையான தொகை போதும். மியூச்சுவல் ஃபண்டிலிருந்து 1 லட்சம், அதுவும் பதிவு செய்த சங்கத்தின் முழுப் பெயரோடு. வெறும் 'எங்கள் ஊர்ப் படிப்பகம்' என்று எழுதினால் அதுவே ஒரு வழக்குக்கு விதை. அதற்கு மேல் கொடுக்க ஆசையென்றால் மாதாமாதம் இப்போதே கொடுங்கள், அந்தப் பணத்தில் வாங்கிய புத்தகத்தை நீங்களே பிரித்து அடுக்கலாம். சங்கம் வருமான வரித் துறையிடம் இதற்கான அனுமதி (80ஜி என்று சொல்லப்படுவது) பெற்றால், பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு நன்கொடைக்கு வரிக்கழிவும் கிடைக்கும். புதிய முறையில் கிடையாது.

மனைவியின் கோபம் நியாயமானதே. ஒருவர் மட்டும் சாவைப் பற்றிப் பேசினால் எதிரில் இருப்பவருக்குக் கலக்கமாகத்தான் இருக்கும். அவரும் சொந்தமாகச் சம்பாதிக்கிறார். அவர் உயில் எழுதாமல் போனால் அவர் சேர்த்தது உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் வரும். அவரைப் படிக்கவைத்த அவருடைய அப்பா அம்மாவுக்கு எதுவும் போகாது. பிள்ளையில்லாத கைம்பெண்ணாக இருந்தால் கணவன் வீட்டாருக்குப் பிறகுதான் பெற்றோரின் முறையே வரும். இதைச் சொல்லிப் பாருங்கள். என் அனுபவத்தில், தங்கள் பெற்றோரின் பேச்சு வந்ததும் "சரி, ரெண்டு பேரும் சேர்ந்தே எழுதிடலாம்" என்று சொன்ன மனைவிகள் உண்டு. ஆளுக்கொரு தனி உயில் எழுதுங்கள். கூட்டு உயில் பின்னால் குழப்பும்.

இதைப் படிக்கும் மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: இஸ்லாமியர்களுக்கு வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் கொடுக்க முடியாது. கிறிஸ்தவர்களுக்குத் திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு ரத்தாகிவிடும். மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, உங்கள் படிப்பகத்திடம் எனக்கு ஒரு வேண்டுகோள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பிள்ளைகளை அழைக்க வரும் பெற்றோரை உட்காரவைத்து ஒரு சட்ட விழிப்புணர்வு முகாம் நடத்துங்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. கட்டணமில்லா எண் 15100. வருகிறவர்களைப் பாஸ்புக்கையும் பட்டாவையும் கையோடு எடுத்துவரச் சொல்லுங்கள்; பாதிப்பேர் நாமினி பக்கத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்ப்பார்கள்.