ஜோடியாகப் பேசச் சொன்னால் தமிழுக்குத் தாவிவிடுகிறார்களே?

கேள்வி: வியாசர்பாடியில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன். வகுப்பில் 38 பிள்ளைகள். பயிற்சி முகாமில் சொன்னபடி இருவர் இருவராக உட்கார வைத்து உரையாடச் சொல்கிறேன். நான் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், தமிழில் கிரிக்கெட் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். பக்கத்து வகுப்பிலிருந்து சத்தம் என்று புகார் வேறு. பழையபடி இலக்கணத்துக்கே போய்விடலாமா?

பதில்: வேண்டாம். என்ன உரையாடல் கொடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அநேகமாக 'வாட் இஸ் யுவர் நேம்', 'வாட் இஸ் யுவர் ஹாபி' வகையறாவாக இருக்கும். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் இருப்பவனிடம் உன் பெயர் என்ன என்று ஒரு பையன் எதற்குக் கேட்க வேண்டும்? கேட்டுத் தெரிந்துகொள்ள எதுவுமில்லை, அதனால் கிரிக்கெட்டுக்குப் போகிறான். நானாக இருந்தாலும் போவேன்.

இதை நம் ஊரிலேயே தீவிரமாக யோசித்தவர் ஒருவர் உண்டு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ்.பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை உள்ளிட்ட ஊர்களில் சில பள்ளிகளில் இலக்கணப் பட்டியலை ஓரம் வைத்துவிட்டு, ரயில் அட்டவணை, வரைபடம் என்று கொடுத்து விடை கண்டுபிடிக்கச் சொன்னார். பிள்ளைகளின் கவனம் பொருளில் இருக்கும்போதுதான் மொழியின் அமைப்பு மனதில் படியும் என்பது அவர் கட்சி. உங்களுக்கு வியப்பாக இருக்கலாம்: ஜோடி வேலை, குழு வேலை இரண்டையும் அவர் ஊக்குவிக்கவில்லை. பிள்ளைகளே பேசிக்கொண்டால் ஒருவர் பிழை இன்னொருவருக்கு ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தார். ஆசிரியர் முதலில் முழு வகுப்போடும் கேள்வி கேட்டுக் கேட்டு ஒன்றைச் செய்து முடிப்பார். பிறகு அதே மாதிரி இன்னொன்றைப் பிள்ளைகள் தனியே செய்வார்கள்.

அவர் அளவுக்கு நான் கறாராக இல்லை, ஜோடி வேலை இருக்கட்டும். ஆனால் அந்த முதல் பாதியை விட்டுவிட்டு நேராக ஜோடிக்குப் போவதுதான் நம் வகுப்புகளில் நடக்கும் கோளாறு.

ஒன்று செய்து பாருங்கள். மாமா 10.40க்கு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இறங்குகிறார், கூடவே முட்டி வலியோடு பாட்டி. 12.30க்கு எழும்பூரில் மதுரை ரயிலைப் பிடிக்க வேண்டும். ஒரு சீட்டில் மின்சார ரயில் விவரம்: ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டித் திரிசூலம் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும், அங்கிருந்து நேராக எழும்பூர். இன்னொரு சீட்டில் மெட்ரோ: விமான நிலையத்திலேயே ஏறலாம், லிஃப்ட் உண்டு, ஆனால் ஆலந்தூரில் மாற வேண்டும். நேரத்தையும் கட்டணத்தையும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கக் கூடாது, நடுவில் புத்தகப் பையை வைக்கச் சொல்லுங்கள். எதில் போவது என்று இருவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும்.

இதற்கு முன் பத்து நிமிடம், தாம்பரத்திலிருந்து பீச் போகிற மாதிரி எளிதான ஒன்றை நீங்களே வகுப்போடு செய்யுங்கள். 'வென் டஸ் இட் லீவ்', 'ஹவ் லாங் டஸ் இட் டேக்' எல்லாம் அப்போதே காதில் விழுந்துவிடும். கரும்பலகையிலும் இருக்கட்டும். வாயில் வார்த்தை இல்லாமல் ஜோடியில் உட்கார்ந்தால் தமிழ்தான் வரும்.

அப்படியும் தமிழ் வரும். 'டேய், பாட்டியால படி ஏற முடியாதுடா' என்று ஒருத்தி சொன்னால் அதட்டாதீர்கள், அவள் வேலையைத்தான் செய்கிறாள். சீட்டில் உள்ளதைக் கேட்பதும் சொல்வதும், கடைசியில் முடிவை வகுப்புக்குச் சொல்வதும் இங்கிலீஷில் என்று மட்டும் பிடிவாதமாக இருங்கள்.

பிழை? 'ட்ரெயின் இஸ் கோ 10.50' என்கிறான் ஒருவன். 'ஓ, இட் கோஸ் அட் 10.50? அண்ட் வென் டஸ் இட் ரீச் எக்மோர்?' என்று பேச்சோடு பேச்சாகத் திருத்திவிட்டு மேலே போங்கள். இப்படித் திருத்துவதைப் பல பிள்ளைகள் கவனிக்கவே மாட்டார்கள் என்பதும் உண்மை. அதனால் சுற்றி வரும்போது காதில் விழுந்த மூன்று பிழைகளைக் குறித்துக்கொண்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதித் திருத்தச் சொல்லுங்கள். இலக்கணத்துக்கு இடம் அங்கேதான். நீங்கள் போகலாமா என்று கேட்ட இலக்கணமும் அப்போது சட்டென ஏறும், ஏனென்றால் கொஞ்ச நேரம் முன்பு அது அவர்களுக்குத் தேவைப்பட்டது.

சத்தம் இருக்கும், குறையாது. பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் எந்த பீரியட் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாரத்துக்கு இரண்டு போதும், மிச்சத்தைப் பாடப்புத்தகத்துக்கும் பரீட்சைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் நோட்டைத்தான் பார்ப்பார்கள், எச்.எம்.மும் அப்படித்தான். எனவே ஒவ்வொரு முறையும் மாமா எதில் போனார், ஏன் என்று மூன்று வரி எழுத வைத்துக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.