நூற்றுக்கு நூறு வாங்கியே ஆக வேண்டும் என்று தவிக்கும் மகள்: இது நல்ல குணம்தானா?

கேள்வி: "என் மகள் பிளஸ் டூ. 96 வாங்கினாலும் அழுகிறாள், எதிலும் குறையே கூடாது என்கிறாள். நல்ல குணம்தானே, அப்படியே விட்டுவிடலாமா?"

மேற்கு மாம்பலத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். உங்கள் மகளைப் போன்றவர்கள் வருடா வருடம் வருகிறார்கள். அக்கறையாகப் படிப்பது நல்ல குணம்தான். குறையே கூடாது என்ற தவிப்பு அது இல்லை. அந்தத் தவிப்பு முதலில் கை வைப்பதே மார்க்கில்தான்.

பிளஸ் டூ கணக்கில் எழுத்துத் தேர்வுக்கு 90 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் ஐந்து மார்க் கணக்குகளுக்கு மட்டும் 35. இவற்றுக்கு ஸ்டெப் மார்க் உண்டு. வளைவரைக்குள் அடங்கும் பரப்பு கேட்டால், படம் வரைந்து, எல்லைகளைச் சரியாக எடுத்துத் தொகையீட்டை எழுதியதற்கே மார்க் விழும், கடைசி விடை தப்பினாலும். தவிக்கிற பிள்ளைக்கு இது நன்றாகவே தெரியும். ஆனாலும் விடை ஏதோ ஒரு கோணல் பின்னமாக வந்துவிட்டால் கை நடுங்கும். பக்கம் முழுக்கக் குறுக்குக்கோடு போட்டு அடித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவாள். மறுபடியும் அதே பின்னம்தான் வரும், ஏனென்றால் முதலில் போட்டதே சரி. இதற்குள் நேரம் ஓடிவிடும். கடைசியில் நன்றாகத் தெரிந்த கணக்கு எழுதாமலே நிற்கும். கேட்டால், "தெரியும் மிஸ், முழுசா எழுத டைம் இல்ல, அதான் விட்டுட்டேன்" என்பாள். பாதி எழுதியிருந்தாலும் இரண்டு மூன்று மார்க் வந்திருக்கும். அரைகுறையாக ஒன்றை விட்டுவைக்க அவளுக்கு மனசு வராது.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. இந்தப் பிள்ளைகள் சந்தேகம் கேட்பதில்லை. கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமே! புரியாத பாடத்தைத் தள்ளிப்போட்டு, ஏற்கெனவே நன்றாக வரும் பாடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள்.

அவர்கள் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். இன்ஜினியரிங் கட் ஆஃப் 200-க்கு. கணக்கில் ஒரு மார்க் போனால் அதில் முழுசாக ஒன்று போகும், இயற்பியலிலும் வேதியியலிலும் அரை. கிண்டி பொறியியல் கல்லூரியில் இடம் வேண்டும் என்பவர்களுக்கு அந்த அரையும் பெரிசுதான். மாநில அளவில் ரேங்க் அறிவிப்பதைத் தமிழக அரசு 2017-இல் நிறுத்தியது, நல்ல காரியம். ஆனால் சொந்தக்காரர்கள் போன் போட்டு மார்க் கேட்பதை யார் நிறுத்துவது?

பால் ஹெவிட், கோர்டன் ஃப்ளெட் என்ற உளவியலாளர்கள் 1991-இல் இந்தக் குணத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: தன்னிடமே குறையின்மையை எதிர்பார்ப்பது, அடுத்தவரிடம் எதிர்பார்ப்பது, மற்றவர்கள் தன்னிடம் எதிர்பார்க்கிறார்கள் என்று நம்புவது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் கல்லூரி மாணவர்களிடம் 1989 முதல் 2016 வரை எடுத்த கணக்கெடுப்புகளைத் தாமஸ் கரனும் ஆண்ட்ரூ ஹில்லும் தொகுத்துப் பார்த்தபோது, மூன்றும் கூடியிருந்தன, மூன்றாவதுதான் மிக அதிகம். மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் நெருங்கிய தொடர்புள்ளதும் அதுவே.

அதனால் வீட்டில் என்ன பேசுகிறீர்கள் என்று பாருங்கள். "மீதி நாலு எங்கே போச்சு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாலும் அவள் காதில் அது வேறு மாதிரி விழும். மார்க்கை விட்டுவிட்டு, இன்று எது புரியவில்லை என்று கேளுங்கள். ஐந்து மார்க் கணக்குக்குப் பத்து நிமிடம் வைத்து, மணி அடித்ததும் எந்த வரியில் இருந்தாலும் அடுத்ததுக்குப் போகப் பழக்குங்கள். முதலில் கண்ணீர் வரும், நான் பார்த்திருக்கிறேன். பழகப் பழகக் குறையும்.

சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் போய்விட்டது, "நான் எதுக்கு இருக்கேன்" என்கிற மாதிரி பேச்சு வருகிறது என்றால் தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416, இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். அவள் தயங்கினால் முதலில் நீங்களே பேசுங்கள்.