ஃபின்லாந்துக் காட்டில் யார் வேண்டுமானாலும் பெர்ரி பறிக்கலாமா? கடையில் விற்கும் ப்ளூபெர்ரிதானே அது?

பறிக்கலாம். யாரிடமும் கேட்க வேண்டாம். ஆனால் கடையில் விற்பது வேறு, இது வேறு.

நீங்கள் புதிதாக வேலைக்கு வந்தவர் என்று நினைக்கிறேன். வெளிநாட்டு ஆள் வாளியோடு காட்டுக்குள் போனால் யாராவது எதாவது சொல்வார்களோ என்ற பயம் இருக்கும். எனக்கும் முதல் இரண்டு கோடை அந்தப் பயத்திலேயே போய்விட்டது. இங்கே தனியார் காடாக இருந்தாலும் பெர்ரியும் காளானும் பறிக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. குடியுரிமை கூடத் தேவையில்லை. வீட்டு முற்றத்தை ஒட்டிப் போகக் கூடாது, பயிர் இருக்கும் வயலை மிதிக்கக் கூடாது, சில பாதுகாக்கப்பட்ட இடங்களில் தனி விதி உண்டு. அவ்வளவுதான்.

இதை நான் சட்டம் படித்துப் புரிந்துகொள்ளவில்லை. அம்மா வந்தபோதுதான் புரிந்தது.

அம்மா புதுக்கோட்டைப் பக்கம் பிறந்தவர். சின்ன வயதில் புதர்க்காட்டில் களாப்பழம் பறிக்கப் போவார்களாம். ஒருமுறை காவல்காரர் பிடித்து, பாவாடை மடியில் இருந்த பழத்தையெல்லாம் தரையில் கொட்டச் சொல்லி, கண் முன்னாலேயே மிதித்தாராம். அறுபது வயதுக்கு மேல் ஆகியும் அதைச் சொல்லும்போது குரல் மாறும்.

ஜூலை கடைசியில் எஸ்போ பக்கத்தில் இருக்கும் நூக்சியோ தேசியப் பூங்காவுக்கு அவரை அழைத்துப் போனேன். பைன் மரங்களுக்கு அடியில் முஸ்திக்காச் செடி பரவியிருந்தது. இங்கத்திய காட்டு ப்ளூபெர்ரிக்கு அதுதான் பெயர். அம்மா குந்தி உட்கார்ந்து பறிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் பாதையில் பேச்சுக்குரல் கேட்டது. உடனே எழுந்து, கையிலிருந்த டப்பாவை ஸ்வெட்டருக்குள் மறைத்துக்கொண்டார். வந்தது ஒரு வயதான தம்பதி. அந்தப் பாட்டி அம்மாவைப் பார்த்துச் சிரித்து, தன் வாளியைச் சாய்த்துக் காட்டினார். நிறைய பழம். அப்புறம், முறத்தின் முனையில் சீப்புப் பல் வைத்தது போல ஒரு கருவி உண்டு, போய்முரி என்பார்கள், அதை அம்மா கையில் கொடுத்து எப்படி வாருவது என்று செய்து காட்டினார்.

அவர்கள் போன பிறகு அம்மா மூன்று முறை கேட்டார்: “ஒண்ணும் சொல்லலையே அவங்க?” ஐந்து லிட்டர் வாளி நிறைந்தும் எழுந்திருக்கவில்லை. நாக்கும் விரலும் நாவல்பழம் தின்ற மாதிரி கருநீலமாகிவிட்டன.

அந்தக் கறைதான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில். காட்டு முஸ்திக்காவை நசுக்கினால் உள்ளேயும் கருஞ்சிவப்பாக இருக்கும். கடைப் பழத்தின் சதை வெளிர் பச்சை. அது அமெரிக்கச் செடி. நியூ ஜெர்சியில் எலிசபெத் வைட் என்ற பெண்ணும் ஒரு அரசுத் தாவரவியலாளரும் காட்டுச் செடிகளில் நல்லதைத் தேர்ந்தெடுத்து வளர்த்து, 1916இல் முதல் விளைச்சலை விற்றார்கள். அது கொத்தாகக் காய்க்கும். முஸ்திக்கா ஒன்று இரண்டாகத்தான். இரண்டும் ஒரே தாவரப் பேரினம்தான், ஆனால் கடைப் பழம் ருசியில் பக்கத்தில் வராது. இதைத் தின்றால் சர்க்கரை இறங்கும், கண் தெளியும் என்று நான் சொல்லவே இல்லை. நான் டாக்டர் இல்லை, பின்னூட்டத்தில் சண்டைக்கு வராதீர்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ப்ளூபெர்ரிக்குத் தமிழில் ‘அவுரிநெல்லி’ என்று எழுதுகிறார்கள். நெல்லிக்கும் இதற்கும் உறவில்லை, அவுரிக்கும் இல்லை. ஃபின்னியர்கள் ‘முஸ்தா’, அதாவது கறுப்பு, என்ற சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள். கண்ணால் பார்த்து வைத்த பெயர். நம் ஊரில் களா, சூரை, காரை என்று எவ்வளவு அழகாகப் பெயர் வைத்தவர்கள் நாம்! தமிழ்ப்பற்று இல்லை என்று திட்டுவீர்கள், பரவாயில்லை. பற்று இருப்பதால்தான் வலிக்கிறது.

சரி, எச்சரிக்கைகள். நான்கு அகன்ற இலைகளுக்கு நடுவே ஒற்றைக் கறுப்புப் பழம் நின்றால் தொடாதீர்கள், அது சூதென்மார்யா, விஷம். ஆகஸ்ட் கடைசியில் புவோலுக்கா (லிங்கன்பெர்ரி) என்ற சிவப்புப் பழம் பழுக்கும், அதைத் தின்னலாம்; அதன் இலை சின்னது, தடித்தது, பளபளப்பானது. அகலமான நீள இலைக்கு நடுவே சிவப்புப் பழம் இருந்தால் அது கியேலோ, அதுவும் விஷம். சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

புவோலுக்காவில் பென்சாயிக் அமிலம் இயற்கையிலேயே இருப்பதால் சீக்கிரம் கெடாது. அம்மா அதில் நல்லெண்ணெய், மிளகாய்த்தூள், வெந்தயம் போட்டுத் தொக்கு கிளறினார். தயிர்ச்சோற்றுக்கு களாக்காய் ஊறுகாயே தோற்றுவிடும்.

போகும்போது கால்சட்டையை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், உண்ணி இருக்கிறது. திரும்பியதும் முழங்காலுக்குப் பின்னால் ஒருமுறை பாருங்கள்.