குழிகள் உள்ள கல்: மனிதர் கொத்தியதா, இயற்கையா?

உங்கள் நிலத்தில் தோண்டியபோது குழிகள் உள்ள ஒரு கல்லும் பானை ஓடுகளும் கிடைத்ததாகச் சொல்லி, அந்தக் குழிகள் மனிதர் கொத்தியவையா என்று கேட்டிருந்தீர்கள். முதலில், கல்லைக் கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள், நகர்த்தவும் வேண்டாம். நீங்கள் சொல்வதுபோல் குழிகள் ஏறக்குறைய ஒரே அளவில், கிண்ணம் மாதிரி, வரிசையாக இருந்தால் மனிதர் கொத்தியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பக்கத்தில் பானை ஓடுகளும் கிடப்பது அந்த எண்ணத்துக்கு வலு சேர்க்கிறது. மழை அரித்த குழிகள் பெரும்பாலும் ஒழுங்கில்லாமல் இருக்கும்.

இன்று இரவே ஒன்று செய்து பாருங்கள். டார்ச்சைக் கல்லின் பரப்போடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து மெல்லச் சுற்றி வாருங்கள். பகலில் கண்ணுக்குத் தப்பிய கோடுகள் நிழலாக எழும்பும். அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். ஆனால் கோடுகள் தெளிவாகத் தெரியவேண்டும் என்று கல்லின் மேல் சாக்பீஸால் வரையாதீர்கள். அதன் தூள் நுண்துளைகளில் தங்கிவிடும்.

நேராக, ஒரே திசையில், புதுக்கல் நிறத்தில் கீறல்கள் தெரிந்தால் அது கலப்பையோ இயந்திரமோ பட்ட தடம்.

அப்புறம், ஓடுகளைத் தயவுசெய்து அள்ளிவிடாதீர்கள். எந்த ஆழத்தில், எந்த மண்ணில், எதன் அருகே கிடந்தன என்பதுதான் காலத்தைச் சொல்லும். கூடவே கரி இருந்தால் இன்னும் நல்லது, அதில் எஞ்சியிருக்கும் கதிரியக்கக் கார்பனை அளக்கும் கார்பன் 14 முறையில் அதன் வயதைக் கணிக்கலாம். சொந்த நிலமானாலும் பல நாடுகளில் இப்படிப்பட்ட பழம்பொருள் கிடைத்ததை அரசுக்குத் தெரிவிப்பது சட்டக் கடமை. மேற்கொண்டு தோண்டுமுன் தொல்லியல் துறையிடம் பேசிவிடுங்கள்.