கப்பல் கேள்விகள்: அந்தப் பிள்ளைகள் மீதா தவறு?

கேள்வி: என் மகன் சரக்குக் கப்பலில் எலக்ட்ரிக்கல் ஆபீசர். அமெரிக்காவின் பால்டிமோரில் பாலத்தில் மோதிய ‘டாலி’ சரக்குக் கப்பலில் இருந்தவர்களும் பெரும்பாலும் இந்தியர்களாம். ஒரு வயர் சரியாக மாட்டாததால்தான் பாலமே விழுந்தது என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அந்தப் பிள்ளைகள் மீதா தவறு?
– ஒரு தாய்

பதில்: அம்மா, நானும் இருபத்தாறு வருடம் இன்ஜின் ரூமில் கழித்தவன். கப்பலில் பிளாக்அவுட் ஆனால், அதாவது மொத்த மின்சாரமும் போனால், தூங்குகிறவனை யாரும் எழுப்ப வேண்டாம், இன்ஜின் சத்தம் நின்றதுமே விழிப்பு வந்துவிடும். நடுக்கடலில் என்றால் சரிசெய்ய அவகாசம் உண்டு. 2024 மார்ச் 26 அதிகாலை, கொழும்புக்குக் கிளம்பிய ‘டாலி’க்குக் கிடைத்தது சுமார் நான்கு நிமிடம். அதற்குள் இரண்டு முறை மின்சாரம் போனது.

வயர் விஷயம் உண்மைதான். வயர் நுனியில் மாட்டும் பெயர் லேபிள் தடுத்ததால் அது டெர்மினலுக்குள், அதாவது வயரைச் செருகும் இணைப்புக்குள், முழுசாக இறங்கவில்லை, அதனால்தான் முதல் முறை மின்சாரம் போனது என்று அமெரிக்க விசாரணை வாரியம் 2025 நவம்பரில் சொன்னது. இதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது லேசில்லை. ஒரு கப்பலில் இப்படி ஆயிரக்கணக்கான வயர்கள் இருக்கும். நானே ஒருமுறை ஒரு பேனலில் லூசான வயரை இரண்டு இரவு தேடியிருக்கிறேன். கடைசியில் விரலால் இழுத்தபோதுதான் கையோடு வந்தது. எனவே அன்று பணியில் இருந்த பிள்ளைகளைக் குற்றவாளிகளாக என்னால் பார்க்க முடியவில்லை. கப்பலில் நங்கூரம் போட்டார்கள். துறைமுகத்திலிருந்து கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் உடனே எச்சரித்ததால், பாலத்துக்குள் வண்டிகள் வராமல் போலீஸார் மறித்தார்கள். 1980இல் புளோரிடாவின் சன்ஷைன் ஸ்கைவே பாலத்தில் கப்பல் மோதியபோது முன்கூட்டி யாரும் வண்டிகளை மறிக்கவில்லை, 35 பேர் இறந்தார்கள்.

ஆனால் பால்டிமோரில் பாலத்தின் மேலேயே எட்டுப் பேர் இருந்தார்களே! ரோட்டில் பள்ளம் அடைக்கும் வேலை. பெரும்பாலும் மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடாரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ‘இறங்கி ஓடுங்கள்’ என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. வண்டிகளை மறித்தபோதே சொல்லியிருந்தால் விழாத பகுதிக்கு ஓட்டிப் போயிருக்கலாம் என்கிறது வாரியம். ஆறு பேர் இறந்துவிட்டார்கள். கடைசி உடல் மே 7இல்தான் கிடைத்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

அந்தப் பாலத்தின் தூண்களுக்கு இவ்வளவு பெரிய கப்பலைத் தாங்கும் தடுப்பும் கிடையாது. 1977இல் திறந்த பாலம் அது.

கப்பல் பிள்ளைகள் பட்டதும் கொஞ்சமல்ல. முகப்பில் பாலத்தின் இரும்பைச் சுமந்தபடி மே 20 வரை கப்பல் அங்கேயே நின்றது. மே 13இல் வெடி வைத்து இரும்பை அறுத்தபோதும் அவர்கள் உள்ளேதான் இருந்தார்கள்.

மகன் அடுத்த முறை போன் பேசும்போது, பேனலைத் திறந்தால் சப்ளையை ஆஃப் செய்துவிட்டு ஒவ்வொரு வயரையும் லேசாக இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.