ஹவுசிங் அங்கேயேதான் இருக்கும்

இராணுவம் கழித்துவிட்ட லாரிகளை ஏலத்தில் எடுப்பது பற்றி எழுதினாலும் எழுதினேன், வருகிற கடிதங்களில் பாதிக்கு ஒரே கேள்வி: காட்டுப் பாதைக்காக சஸ்பென்ஷனை உயர்த்தலாமா, எந்த கிட் வாங்குவது? கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். லாரிக்குப் பெயர் சூட்டிக் கவிதை அனுப்பியவர் மன்னிக்கவும்.

கே: என்னுடையது எம்35ஏ2, அமெரிக்க இராணுவத்தின் பழைய லாரி. பாறைப் பாதையில் டிஃப்ரென்ஷியல் (ஆக்ஸிலின் நடுவிலுள்ள பல்சக்கர உருண்டை) இடிக்கிறது. 6 அங்குல லிஃப்ட் கிட்டுக்கு விலை பேசிவிட்டேன். 6 போதுமா, 8 எடுக்கவா?

இரண்டும் வேண்டாம். லிஃப்ட் கிட் எதைத் தூக்குகிறது என்று விற்பவர் சொல்லவில்லையா, நீங்கள் கேட்கவில்லையா? ஸ்பிரிங் பட்டைக்கு மேலே இருக்கிற சேஸ், கேபின், டேங்க் எல்லாம் உயரும். ஆக்ஸில் ஹவுசிங், அதாவது ஆக்ஸிலை மூடியிருக்கும் இரும்புக் கூடு, சக்கரத்தோடு கோத்திருப்பது. 6 அல்ல, 16 அங்குலம் தூக்கினாலும் அந்த டிஃப்ரென்ஷியல் உருண்டை இன்று இடிக்கிற அதே கல்லில் நாளையும் இடிக்கும். உயரத்திலிருந்து இடிக்கிற சத்தம் கேட்பீர்கள், அவ்வளவுதான்.

ஹவுசிங்கைத் தூக்குவது டயர் மட்டுமே, அதுவும் விட்டம் கூடுவதில் பாதி அளவுக்கு. உங்கள் 9.00-20 டயரின் விட்டம் ஏறக்குறைய 103 செ.மீ. 395/85ஆர்20 போட்டால் 118. கூடுவது 15, ஹவுசிங்குக்குக் கிடைப்பது ஏழரை செ.மீ. அந்த டயருக்கு அகலமான ரிம் வேண்டும். கியர் விகிதமும் ஏறக்குறைய 15 சதவீதம் மாறிவிடும்: ஏற்றத்தில் எஞ்சின் திணறும், பிரேக்கின் பிடியும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குறையும், ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும். நடுவழியாக 11.00-20 இருக்கிறது. லிஃப்ட் இல்லாமலே அதைப் போட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. பின்னால் இரட்டை டயர் என்றால் நடுவே இடைவெளி போதுமா என்று அளந்துவிட்டு வாங்குங்கள்.

ஆக்ஸில் உண்மையாகவே உயரத்தில் இருக்க வேண்டும் என்றால் அது யூனிமாக் லாரி: சக்கர மையத்துக்கு மேலே ஆக்ஸில், சக்கரத்தருகே ஒரு பல்சக்கர ஜோடி. அது பிறவியிலேயே வர வேண்டிய உயரம்.

சேஸின் நடுப்பகுதி மேட்டில் தட்டுகிறது, பெரிய டயர் மட்கார்டில் உரசுகிறது என்றால் மட்டும் லிஃப்ட் பற்றிப் பேசுங்கள்.

கே: எல்லா 6x6 (மூன்று ஆக்ஸிலும் இழுக்கும்) லாரிக்கும் பொருந்தும் கிட் என்கிறார் விற்பவர். முன், பின் இரண்டுக்கும், பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே சொருக ஒரே மாதிரி இரும்புக் கட்டை. நம்பலாமா?

வண்டிக்கு அடியில் ஒரு தடவையாவது படுத்துப் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். எம்35 போன்ற வண்டியில் பின்பக்கப் பட்டை கவிழ்ந்து கிடக்கும். நடுப்பகுதி ட்ரனியன்மீது (சேஸோடு சேர்ந்த சுழல் தாங்கி), இரண்டு நுனிகளும் இரண்டு ஆக்ஸில்கள்மீது. ஆக்ஸில் முன்பின் நகராமல் பிடித்துக்கொள்ள டார்க் ராடுகள் தனியாக இருக்கின்றன. அங்கே கட்டையை எங்கே சொருகுவார்?

கே: 4 அங்குல கிட் என்று விளம்பரம். முழுப் பணமும் கட்டினேன். பெட்டியில் நான்கு இரும்புக் கட்டையும், பட்டையை ஆக்ஸிலோடு இறுக்கும் யு-போல்ட்டுகள் பழையதாகவும். 'பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்க மாட்டோம்' என்கிறார்கள். ஏமாந்துவிட்டேனா? (பெயர் வேண்டாம் என்றவர்)

ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். அந்தக் கூச்சம் உங்களுக்கு வேண்டியதில்லை, விற்றவருக்கு இருக்கட்டும். பெட்டியைப் பிரிக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியுமாம்?

முதலில், எதையும் வண்டியில் மாட்டாதீர்கள். ஒரு போல்ட்டை மாட்டினாலும் 'பயன்படுத்திவிட்டார்' என்பார்கள். விளம்பரம் இருக்கும்போதே படம் எடுத்து வையுங்கள், நாளைக்கு அது மாறியிருக்கும். யு-போல்ட்டின் மரையைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள்: ஒரு இடத்தில் மரையின் இடைவெளி அகன்று, கழுத்து மெலிந்திருந்தால் அது ஏற்கெனவே முறுக்கி இழுபட்டது. புது நட்டைக் கையால் ஓட்டினால் அந்த இடத்தில் நிற்கும். அதையும் வீடியோவாக எடுங்கள். பிறகு போனில் கத்தாமல் எழுத்தில், இத்தனை நாளுக்குள் பணம் வேண்டும் என்று கேளுங்கள். கார்டில் கட்டியிருந்தால் அதே நாளில் வங்கியிலும் புகார் கொடுங்கள்.

பழைய யு-போல்ட் யாருக்குமே ஆகாது. இறக்கினால் புதிதுதான் போட வேண்டும். போட்டுக் கொஞ்ச தூரம் ஓடியதும் மறுபடி முறுக்க வேண்டும்.

கே: போல்ட்டு, ஷாக்கிள் (பட்டையின் நுனியைச் சேஸோடு இணைப்பது) எல்லாம் 'மிலிட்டரி கிரேடு' என்று போட்டிருக்கிறது. விலை இரண்டு மடங்கு. தரம் இருக்கும் அல்லவா?

இந்த வார்த்தைக்காகவே தனியாக ஒரு பத்தி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக இருக்கிறேன். இராணுவம் எதையும் 'கிரேடு' என்று பொத்தாம்பொதுவாக வாங்குவதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் எண் போட்ட விவரக்குறிப்பு இருக்கும்: என்ன எஃகு, என்ன கடினத்தன்மை, எத்தனை சுமையில் சோதனை. அந்த எண்ணைச் சொல்லாமல் 'மிலிட்டரி' என்று மட்டும் சொன்னால் அது பச்சைப் பெயின்ட்டுக்குக் கேட்கிற விலை. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு ஜோடி ஷாக் அப்சார்பர். பச்சை நிறம், ஸ்டென்சில் எழுத்து, மரப்பெட்டி, எல்லாம் கச்சிதம். சில வாரத்தில் சீல் ஓரமாக எண்ணெய் கசிந்து, தூசி ஒட்டி, கறுப்பாகப் பிசுபிசுத்தது. மரப்பெட்டி மட்டும் இன்றுவரை உறுதியாக இருக்கிறது.

போல்ட்டுக்குத் தரம் தலையில் எழுதியிருக்கும். மெட்ரிக் என்றால் 8.8, 10.9 என்று எண். அங்குல போல்ட் என்றால் மூன்று கோடு கிரேடு 5, ஆறு கோடு கிரேடு 8. தலை மொட்டையாக இருந்தால், பெட்டியில் பீரங்கிப் படமே போட்டிருந்தாலும் சஸ்பென்ஷனில் போடாதீர்கள். ஷாக்கிளுக்கு இன்னொரு கணக்கு: 10 செ.மீ. நீளம் கூட்டினால் வண்டி உயர்வது சுமார் 5 செ.மீ. ஷாக்கிளின் நீளத்தையே லிஃப்ட் உயரமாகப் போட்டு விற்கிறவர்கள் உண்டு. சுமை ஏற்றாத வண்டியில் அளந்த உயரமா, ஏற்றியதா என்றும் கேளுங்கள். பதில் வராது, ஆனாலும் கேளுங்கள்.

கே: லிஃப்ட் செய்த பிறகு, லோடு ஏற்றினால் பின் பிரேக் பிடிப்பதே இல்லை. ஏர் பிரேக்தான். பிரேக் ஷூ மாற்றினேன், பயனில்லை.

ஷூ மாற்றும் முன் எழுதியிருக்கலாம். பின் ஆக்ஸிலிலிருந்து சேஸுக்கு ஒரு சின்ன லிங்க் ராடு போகிறதா பாருங்கள். பல ஏர் பிரேக் லாரிகளில் அது ஒரு வால்வைத் திருப்பும். ஆக்ஸிலுக்கும் சேஸுக்கும் உள்ள தூரத்தை வைத்து அந்த வால்வு வண்டியில் சுமை இருக்கிறதா என்று முடிவு செய்கிறது. நீங்கள் சேஸைத் தூக்கியதும் தூரம் கூடிவிட்டது, வண்டி காலி என்று நினைத்து அது பின் பிரேக்குக்குக் காற்றைக் குறைக்கிறது. லிங்க்கின் நீளத்தைச் சரிசெய்து, வண்டியின் தகட்டில் உள்ள அளவுப்படி மீட்டர் வைத்து அழுத்தம் பார்க்க வேண்டும். அதுவரை லோடு ஏற்றாதீர்கள். பிரேக் ஹோஸ் நீளம் போதுமா, சக்கரம் தொங்கும்போது இழுபடுகிறதா என்றும் பாருங்கள். இதெல்லாம் கிட் மாட்டியவர் சொல்லியிருக்க வேண்டியது. மாட்டியது நீங்களே என்று கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது.

கே: டாட்ரா 815 லாரிக்கு ஸ்பேசர் (கட்டை) கிட்?

வேண்டாம். நடுக்குழாயிலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனியாக ஆடும் அரை ஆக்ஸில் அது. உயர்த்தினால் சக்கரங்கள் அடியில் உள்ளே மடங்கி, டயர் ஓரத்தில் நிற்கும்.

கே: உயர்த்தினால் கவிழும் என்கிறார் மனைவி. பயப்படுகிறாரா, உண்மையா?

உண்மை. சக்கரங்களுக்கிடையே அகலம் 2 மீட்டர், எடையின் மையம் 1.3 மீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். காகிதக் கணக்கில் 37½ டிகிரி பக்கச் சரிவில் கவிழும். அந்த மையம் 15 செ.மீ. உயர்ந்தால் 34½. நிஜத்தில் பட்டையும் டயரும் அமுங்குவதால் இதற்கு வெகு முன்பே சாயும். கூரையில் டிரம் கட்டினால் இன்னும் முன்பே. பர்ச்சேஸை அவரிடம் விட்டுவிடுங்கள்.

கே: முன் ஆக்ஸிலில் பட்டைக்கு அடியில் கட்டை வைக்கலாமா?

கூடாது. பிரேக் பிடிக்கும்போது திருகும் சுமையில் பெரும்பகுதி அங்கேதான் விழும். கட்டை நகர்ந்தால் பட்டைகளை நடுவில் கோத்திருக்கும் சென்டர் போல்ட் அறும், ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்காது. முன்பக்கத்துக்கு வளைவு கூடிய பட்டை செட் மட்டும்.

கே: 'பயன்படுத்தாதது' என்று 14.00ஆர்20 டயர் நான்கு மலிவாகக் கிடைக்கிறது.

பக்கச்சுவரில் நான்கு இலக்கம் தேடுங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். மூன்று இலக்கமே இருந்தால் அது 2000க்கு முன்பு செய்தது, பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். தேதி சரி என்றாலும் பக்கச்சுவரைக் கையால் அழுத்தி வளைத்து, மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று வெயிலில் பாருங்கள். ரிம் டயரைப் பிடித்து வைக்கும் பூட்டுவளையம் வைத்ததாக இருந்தால் பாதுகாப்புக் கூண்டு இல்லாத கடையில் காற்றடிக்க விடாதீர்கள். வளையம் தெறித்தால் ஆள் மிஞ்சமாட்டார்.